உப்பு வண்டி

வேலைக்கு ஆள் எடுத்தவன் கேட்டான்,
ஐம்பத்தாறு வயதில், இரவில்,
பனி தள்ளும் வண்டி எதற்கு என்று.
ஓய்வூதியம் என்றேன்.
பொய் சொல்ல ஆங்கிலம் எனக்கு எப்போதும் வசதி.

நானூற்றியொன்று நெடுஞ்சாலை.
போர்ட் ஹோப்பிலிருந்து பௌமன்வில் வரை என் பகுதி.
முன்னால் அலகு, பின்னால் ஒன்பது தொன் உப்பு.

இதே சாலையில் ஓர் ஆடி மாதப் பிற்பகல்
முன்னே போன கறுப்பு வண்டியில் ஆரூரன் படுத்திருந்தான்.
பின்னே நானும் தவமலரும்,
யாரோ தந்த தண்ணீர்ப் போத்தலை
திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு.
பாலத்துக்குப் பாலம் ஆட்கள்.
தீயணைப்பு வண்டியின் கூரையில் ஏறி நின்றவர்கள்.
கோப்பிக்கடைச் சீருடையோடு ஓடிவந்த ஒரு பெட்டை.
தொப்பியைக் கழற்றிய ஒருவனுக்கு
வெயில் படாத உச்சந்தலை மட்டும் வெள்ளை.
ஒரு மட்டையில் என் பெயர்,
ஓர் எழுத்துக் குறைவாக.
'ஆர் இதுகள்?' என்றாள் தவமலர்.
நாற்பத்தேழு பாலம் வரை எண்ணினேன்.

என் பெயர்தான்.
அப்பன் பெயரை முடிவில் எழுதும் வழக்கம் எங்களுக்கு.
அவன் சட்டையில் தைத்திருந்தது கனகேந்திரன்.
கந்தஹாரில் கனகேந்திரன் என்றுதான் கூப்பிட்டார்கள்.
வானொலியில் செத்ததும் கனகேந்திரன்.
நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு படைக்கு ஒளித்து அவனைக் கொண்டுவந்தோம்,
ஏழு வயதில், காணி விற்ற காசை முகவரிடம் கொடுத்து.
இருபதில் இன்னொரு படைக்குத்
தானே போய்க் கையெழுத்து வைத்தான்.
'இந்த நாடு எங்களுக்குச் சோறு போட்டதப்பா.'

அந்த வசனம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும்.
உணவு வங்கி வரிசையில்
ஒன்பது வயதுப் பிள்ளை
பள்ளிக்கூடத்துப் பெடியள் பார்ப்பார்கள் என்று
முகத்தை என் கோட்டுக்குள் புதைத்தபோது
நான்தான் சொன்னேன்:
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
வாய்க்கு வந்த பழமொழி.
வீட்டுக்கு வரும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னான்,
'உள்ளளவும்' அவன் நாக்கில் சரியாக வரவில்லை.

வீண்போகவில்லை என்றார் படைப் பாதிரியார்.
வெள்ளிச் சிலுவை ஒன்று தந்தார்கள்.
சைவக்காரி, தாலிக்கொடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.
நவம்பரில் எடுத்துக் குத்துவாள்.
கந்தசட்டி அதே கிழமை வந்தால்
பச்சைத் தண்ணீரும் குடிக்காமல்
நினைவுத்தூணடியில் இரண்டு மணித்தியாலம் நிற்பாள்.
அவளுக்கு அது போதுமா?
நான் கேட்டதில்லை.

பதின்மூன்று வருடம் கழித்து
அந்த நகரம் மறுபடி கைமாறிய இரவு
மொங்டனிலிருந்து டெனிஸ் அழைத்தான்.
அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவன், இடது காது கேளாது.
'எதற்காக, மிஸ்டர் கனகேந்திரன்?
எதற்காக நாங்கள்?'
என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.
தவமலர் போனைப் பறித்தாள்.
'நீ சாப்பிட்டியா?'
டோஸ்ட் என்றான்.
'அது சாப்பாடோ?' என்றாள்.
அந்தப் பக்கம் வந்தது சிரிப்பா அழுகையா,
அவளும் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகு
பழமொழியை அவளுக்குச் சொன்னேன்.
வரிசை, கோட்டு, எல்லாம்.
நெடுநேரம் குசினி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'என்னட்டை வேறை காரணமல்லோ சொன்னவன்.'
'என்ன?'
'அங்கை பல்லுக்கு இனாமாம்.
கடைவாய்ப்பல் இரண்டும் சொத்தை எண்டவன்.'

நல்ல தமிழில் சொன்னாள்.
உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை.

விடியற்காலம் மூன்று மணி.
பாலங்களில் ஒருவரும் இல்லை,
பனி மட்டும் கம்பித் தடுப்பில் குந்தியிருக்கிறது.
ஒவ்வொரு பாலத்தடியிலும்
உப்பை ஒரு புள்ளி கூட்டிவிடுகிறேன்.
மேற்பார்வையாளன் கணக்குக் கேட்டால்
நிழலில் ஐஸ் கரைய நாளாகும் என்பேன்.
அது உண்மையும்கூட.