முன் அளவு, இப்போதைய அளவு

பள்ளத்தூரில் நான் கரண்ட் கணக்கெடுக்கும் வீடுகளில்
முகப்பு ஒரு தெருவில் இருக்கும்
பின்வாசல் அடுத்த தெருவில்.
நடுவே வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு.
முன்னால் கூப்பிட்டால் பின்னால் கேட்காது.

டாக்டர் குடலைத் தாளில் வரைந்தபோது
எனக்கு வீடுதான் தெரிந்தது.
பின்கட்டில் ஒரு சாண் இடித்தாயிற்று.
கட்டினது காய்கிறவரை
பின்வாசலைச் சாத்திவிட்டுப்
பக்கச் சுவரில் ஒரு சன்னல்.
இதை நான்தான் அவருக்குச் சொன்னேன்.
"கிட்டத்தட்ட அதுதான் சேவுகன்" என்றார்.

பிறகு நாலு நாள் ஒரே கேள்வி.
காற்று வந்துச்சா?
டாக்டர் கேட்டார், தரை துடைக்கிறவர் கேட்டார்,
சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கேட்டான்.
சபையில் அடக்கி அடக்கியே வளர்ந்தவன் நான்.
அதற்காக ஒரு சபையே காத்திருந்தது.
ஐந்தாம் நாள் விடியலில்
வயிற்றில் ஒட்டிய பை லேசாக உப்பியது.
பஞ்சவர்ணம் போனை எடுத்தாள்
பிள்ளை பிறந்த குரலில்:
"வந்துருச்சு."

அந்தச் சன்னலை நான் பார்க்கவில்லை.
ஜெசிந்தா சிஸ்டர்தான்
என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.
ஈரம். வெதுவெதுப்பு.
வெற்றிலை போட்ட உதட்டின் சிவப்பு.
"வலிக்காது, அதுக்கு வலி தெரியாது."
மேலும் கீழும் தையல்
இருமினால் உயிர் போகிறது.
நடுவில் இது மட்டும்
யார் வீட்டுக் காரியமோ என்று உட்கார்ந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம்
அடுத்தவர் மீட்டரைப் படித்த கை.
வீட்டுக்கு வந்ததும் நோட்டில் கோடு போட்டேன்.
காலை இருநூறு மில்லி.
மதியம் நூற்றைம்பது.
கஞ்சி, இளநீர், மசித்த சாதம்.
முட்டைக்கோஸ் கூடாது. அவசரமாக விழுங்கக் கூடாது.
கவுனி அரிசியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுச் சாந்தி கல்யாணத்தில் கொடுத்துவிட்டது,
தேங்காய்ப்பூ தூவி, ஒரு கிண்ணம்.
குழைந்துதானே இருக்கிறது என்று
மூன்று கரண்டி.

ராத்திரி ரெண்டு மணிக்குப் பை முழுக்கக் கறுப்பு.
ரத்தம் என்றாள் பஞ்சவர்ணம்.
ரத்தம் என்றேன் நானும்.
அவள் விபூதியைத் தேடினாள்
நான் சிஸ்டர் நம்பரைத் தேடினேன்.
"என்ன சாப்ட்டீங்க?"
சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம்.
தையல் வலித்தது, நிறுத்த முடியவில்லை.
ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து
அவள் முதல்முறை என் பக்கத்தில் படுத்தது அன்றைக்குத்தான்.
பை இல்லாத பக்கம்.

கார்த்திகையில் வேலைக்குத் திரும்பினேன்.
பூட்டிக் கிடக்கிற வீடுகளில் எண் நகராது.
முன் அளவு நானூற்றுப் பன்னிரண்டு.
இப்போதைய அளவு நானூற்றுப் பன்னிரண்டு.
எழுதிக்கொண்டிருக்கும்போதே
பையின் ஓரத்தில் ஒரு சூடு கசிந்தது.
காவலுக்கு இருக்கும் சாத்தையாவிடம்
என்ன சொல்வதென்று தெரியாமல்
சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் சாவிக்கொத்தை எடுத்தார்.

தூண்களைத் தாண்டித் தாண்டிப் போனோம்.
கட்டுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு சாவி.
அத்தனை அறைக்கும் கக்கூஸ் ஒன்று, கடைசியில்.
குழாயைத் திருகினால் தண்ணீர் இல்லை.
அவர் மோட்டாரைப் போட்டார்.
வீடே உறுமியது.
குழாய் இருமியது, துருவைத் துப்பியது,
பெருமூச்சாக விட்டது.
"காத்து வந்துருச்சு" என்றார் வெளியே நின்றபடி,
"இனி தண்ணி வரும்."

தையில் மறுபடி போனேன்.
பின்வாசல் திறக்க மாசி ஆகும் என்கிறார் டாக்டர்.
மீட்டர் கண்ணாடித் தூசியைத் துடைத்துப் பார்த்தேன்.
நானூற்றுப் பதிமூன்று.
பூட்டின வீட்டில் எப்படி ஓடுச்சு என்று
மதுரையிலிருந்து வீட்டுக்காரர் போன் போட்டால் போடட்டும்.
அந்த ஒரு யூனிட்
என்னுடையது.