ஒரு கிராம்

செவ்வாய்ப்பேட்டையில் இருபது வருஷம் கொலுசுப் பட்டறை.
எதைக் கொடுத்தாலும் முதலில் எடை பார்க்கிற கை.
துப்பாக்கிக் கடை அல்போன்ஸ் மேஜை இழுப்பறையில்
காட்டுவதற்கென்று பிடுங்கி வைத்திருந்த
மூன்று குண்டுகளை வாங்கித் தராசில் வைத்தேன்.

பாயிண்ட் டூ டூ, இரண்டரை கிராமும் ஒரு பொடியும்.
ஹார்னெட், மூன்றுக்கு மயிரிழை குறைவு.
டூ டூ த்ரீ, மூன்றரை சொச்சம்.
குறுக்களவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

ஒரு கிராம்தானே, என்றேன்.
ஒரு ஜோடி மெட்டிக்கு
நான் எழுதுகிற சேதாரம் இதைவிட அதிகம்.

அல்போன்ஸ் சிரிக்கவில்லை.
காலிப் பித்தளைத் தோடுகளை எடுத்து நிறுத்தினார்.
ஒன்று, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.
ஒன்று, கழுத்து ஒடுங்கிய அத்தர் புட்டி.
மூன்றாவதற்குத் தோள் இருந்தது.
"எடையை முன்னால தேடாதீங்க சார்.
பின்னால நிக்கிற மருந்துல இருக்கு."

ஹார்னெட் என்றால் கதண்டு.
நாகலூரில் அதை விளக்க வேண்டியதில்லை.
சில்வர் ஓக் உச்சியில் பானை பானையாய்த் தொங்குகிறது.
கதண்டைக் காசு கொடுத்து வாங்குவாங்களா
என்று கேட்டான் இராமாண்டி,
மிளகுக் கொடியைக் கட்டியபடியே.

நாற்பத்தொரு கோழி இருபத்தொன்பதாகியிருந்தது.
கொட்டகையிலிருந்து பலா மரம் அறுபத்து மூன்று எட்டு.
அந்தத் தூரத்துக்கு டூ டூ போதும், முயலென்றால்.
நரிக்கு ஹார்னெட்.
டூ டூ த்ரீ எனக்குக் கிடையாது, பேச்சுக்கு மட்டும்.
காற்று, சரிவு, குண்டு இறங்கும் அங்குலம்
எல்லாவற்றையும் பட்டறை நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்.
கடைசிக் கட்டத்தில் ஓசை.

ஹார்னெட் வெடித்தால்
எதிர்ச் சரிவு ஒருமுறை திருப்பிச் சொல்லும்.
இரண்டு வளைவு கீழே வனக்காப்பாளர் குடியிருப்பு.
என் உரிமம் பயிரைக் காக்க; நரியைத் தொட்டால் வழக்கு.
டூ டூ என்றால்
காபிக் கிளை முறிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

முறிந்தது.

நிலா இல்லை, டார்ச்சில் இரண்டு பச்சைப் புள்ளி.
பட்டது தெரிந்தது. விழவில்லை.
பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு
காபிச் செடிகளுக்குள் போயிற்று.
பிறகு ஆரம்பித்தது.

பத்தரைக்கு ஓடைப் பக்கம்.
பன்னிரண்டுக்குக் களத்து மேட்டுக்குப் பின்னால்.
நான் போகும்போது நிறுத்தும்.
நான் நின்றால் கத்தும்.
ஒன்றரைக்கு எதிர்ச் சரிவும் கத்தியது,
எதிரொலியா, ஜோடியா, தெரியவில்லை.
சுவரில் ஹார்னெட் மாட்டியிருந்தது,
ஒன்பது தோட்டாவோடு.
எடுத்துக்கொண்டு வந்தேன்.
இருட்டில் சத்தத்தைக் குறி பார்க்க முடியாது.

நாலு மணிக்கு இராமாண்டி வந்தான், கொடுவாளோடு.
யாரும் கூப்பிடவில்லை.
போய்விட்டு வந்து
தொட்டித் தண்ணீரில் கொடுவாளைக் கழுவினான்.
குட்டிக்குப் பால் கொடுக்கிறது, என்றான்.
நரியைப் பற்றிச் சொன்னானா, சொல்லும்போது
அது இன்னும் நிகழ்காலத்தில்தான் இருந்ததா,
கேட்கவில்லை.

காலையில் வனக்காப்பாளர் பைக்கை நிறுத்தினார்.
"ராத்திரி என்ன சத்தம், தூங்கவே விடல?"
நரி, என்றேன்.
"நரியா" என்றவர்
கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்.
காபி குடிக்கக் கூப்பிட்டேன். குடித்தார்.

இடுப்பெலும்பில் இருந்ததைத் தோண்டி எடுத்துக் கழுவி
சேலம் போனபோது தராசில் வைத்தேன்.
நசுங்கி, ஓரம் விரிந்து, பட்டன் மாதிரி.
இரண்டு கிராம் முந்நூறு மில்லி.
கொடுத்தது இரண்டு அறுநூறு.
முந்நூறு மில்லி
அந்தச் சரிவில் எங்கேயோ இருக்கிறது.
பட்டறை நோட்டில் வழக்கம்போல்
சேதாரம் என்று எழுதப் போனேன்.
பேனாவை மூடி வைத்தேன்.

கோழி இப்போது இருபத்தாறு.
மரநாயாக இருக்கும் என்கிறான் இராமாண்டி.