வெட்டுப்புள்ளி

முகமாலையில் எனக்கு ஒரு நாளைக்கு
ஐந்து சதுர மீற்றர்.
சில நாள் மூன்று. மழையென்றால் ஒன்றுமில்லை.
குந்தியிருந்து கையகலம் கையகலமாக
மண்ணைச் சுரண்டிக்கொண்டு முன்னே போவேன்.
சிவப்புத் தலைத் தடிக்கு அப்பால் தெரியாத நிலம்.
இப்பால் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்.

கொடிகாமத்துப் பஸ் காலை ஏழுமணிக்கு
எங்களைத் தாண்டித் தெற்கே போகும்.
மூன்று வருடம் அதில் ஆரூரன் போனான்
கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்கு.
வடக்கே யாழ்ப்பாண மாவட்டம், தெற்கே எங்கள் மாவட்டம்,
நடுவில் ஒரு பெயர்ப்பலகை,
பலகையின் நிழலில் ஒரு நாய்.
நாய்க்கு இரண்டு பக்கமும் ஒரே வெயில்.
இசட் புள்ளிக்கு அப்படியில்லை.
அங்கே தோற்கிற புள்ளி இங்கே வெல்லும்.
அதற்காகத்தான் அந்தப் பஸ்,
விடியப்புற எழும்பிக் கட்டிய அந்தச் சோற்றுப் பார்சல்.

என் மகள் ஜதுசாவுக்கு
வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.
உருத்திரபுரத்து வீட்டுக்கும் ஒருநாள் வந்தான்.
புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டான்,
கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தான்.
கெட்ட பிள்ளையாய் இருந்திருந்தால்
எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

முடிவு வந்தது.
பொறியியலுக்கு எங்கள் மாவட்டத்துக் கடைசிக் கதிரையில்
அவன் இருந்தான்.
இவளுக்குத் தசம் பூச்சியம் ஒன்று ஒன்று எட்டு குறைவு.
அது எவ்வளவு பிள்ளை என்று கேட்டேன்.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் காட்டினாள்.
பிறகு அந்த இடைவெளியையும் மூடினாள்.

நெல் உமியளவு இரும்புக்கும்
என் கருவி கத்தும்.
ஆனபடியால் உமியளவைச் சின்னதென்று
என்னால் சொல்ல முடியவில்லை.

இவளுக்குக் கிடைத்தது பௌதிக விஞ்ஞானம், மாத்தறைப் பக்கம்.
நாட்டின் இந்தத் தலையிலிருந்து அந்தக் கால்.
பரவாயில்லை, மகாபொல வருமே என்றேன்.
படிவத்தில் ஒரு கட்டம்: பெற்றோரின் ஆண்டு வருமானம்.
சம்பளச் சிட்டையைப் பன்னிரண்டால் பெருக்கினாள்.
எல்லையைத் தாண்டிவிட்டேனாம்.
வெடித்தால் என்ன செய்வதென்று
கூட்டிக் கொடுக்கிற காசுதான்
தாண்டவைத்த காசு.

"குறைச்சு எழுதுங்கோ அக்கா,
விதானையார் கையெழுத்து வைப்பார்,
ஆர் பார்க்கினம்" என்றாள் தவமலர்,
எனக்கு அடுத்த ஒழுங்கையில் குந்தியிருப்பவள்.
பகல் சாப்பாடு முழுக்க யோசித்தேன்.
பின்னேரம் எங்கள் படிவத்தில் கையொப்பமிட வேண்டும்:
இந்த நிலம் துப்புரவு.
நான் எழுதியதை நம்பித்தான்
அடுத்த மாதம் ஒருவர் இங்கே கிடங்கு வெட்டுவார்,
ஒரு சின்னப் பிள்ளை பட்டத்துக்குப் பின்னால் ஓடும்.
பத்து வருடமாக ஒரே கை, ஒரே பேனை.
அந்தக் கை வீட்டுக்குப் போய்
வேறு மாதிரி எழுதமாட்டேன் என்றது.
நல்ல மனுசியென்று நினைக்கவேண்டாம்,
பழக்கம்.

சரியான தொகையை எழுதினோம்.
மகாபொல வராது.
அறை வாடகைக்கு என் ஒற்றைச் சங்கிலி இருக்கிறது.
ஜதுசா பெட்டியில் சட்டைகளை மடிக்கிறாள்,
பாதியில் நிறுத்திப் போனைப் பார்க்கிறாள்.
வெற்றிடங்கள் நிரப்பும் இரண்டாவது பட்டியல்
இன்னும் வரவில்லை.
யாராவது ஒருவர் கதிரையை விட்டெழும்பினால் போதும்.

நேற்று பஸ்ஸில் ஒரு கதை:
ஆரூரனின் மாமா கனடாவிலிருந்து
கடிதம் போட்டிருக்கிறாராம்,
அங்கே ஒரு கம்பஸில் இடம், வீசாவும் சரிவருமாம்.
ஐயோ, தாய் தனிச்சுப் போவாளே என்றேன் வாயால்.

இன்று காலை குந்தியிருந்தபோது
தலைக்கவசக் கண்ணாடிக்குள் வியர்வை வழிய
நான் கேட்டுக்கொண்டிருந்தது
மண்ணை மட்டுமல்ல.
போ தம்பி, போ, நல்லாயிருப்பாய் என்று
என் வயிறு சொல்லிக்கொண்டிருந்தது.
கருவி ஒருமுறை கத்தியது.
தோண்டினேன். சோடா மூடி.