சாவா மூவா

மினி பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டார்,
"இரட்டைத்தளியா? அங்க எதுக்கு,
இன்னைக்குப் பிரதோஷம்கூட இல்லையே?"
கல் பார்க்க, என்றேன்.
மூன்று ரூபாய் பாக்கி என்று
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தந்து
முன்படிக்குப் போய்விட்டார்.

அரசலாறு தாண்டினால்
ஒரு கூழாங்கல்கூட இல்லாத பூமி.
நாயை விரட்ட மண்ணாங்கட்டி.
மாங்காய் அடிக்கச் செருப்பு.
துணி துவைக்க
ரயில்வேக்காரர்கள் விட்டுப்போன சிமெண்ட் கட்டை.
தோண்டினால் வண்டல்,
அதற்கடியில் அதைவிடப் பழைய வண்டல்.
எந்த மலையும் இங்கே
மாவாகத்தான் வந்து சேரும்.

அதற்கு நடுவில்
இரண்டு கருங்கல் கோயில்கள்.
பக்கத்து வேப்பமரம் இரண்டையும்விட நெட்டை.
கோபுரம் என்றொரு ஆசை
யாருக்கும் வருமுன் கட்டியவை.
இதைச் சொல்ல உடன் ஆளில்லை.
வருவதாக இருந்த தில்லைநாச்சி
இரவு ஒரு மணிக்கு அனுப்பியிருந்தாள்:
அடுத்த தடவை கண்டிப்பா.

தெற்குக் கோயிலில் சாமியும் இல்லை, கதவும் இல்லை.
வடக்குக் கோயில் பூட்டு.
குருக்கள் நாலு ஊருக்கு ஒருவர்,
மொபெட்டில் ஏழுக்கு வந்து
ஏழேகாலுக்குப் போய்விடுவாராம்.
சாவி?
டீக்கடைப் பெண் வயலைக் காட்டினாள்.
"மிசினு ஓட்டுறவருகிட்ட."

தை மாத வெயிலில்
அறுவடை இயந்திரம் அந்த வயலை முடிக்கும்வரை
வரப்பில் நின்றேன்.
இறங்கி வந்தார் பொன்னுரங்கம்,
புருவமெல்லாம் பதர்.
ஆத்தூர்ப் பக்கம், மலையடிவாரம்.
தையில் வந்து மாசியில் போகிறவர்.
ராத்திரிப் படுக்கை முன்மண்டபத்தில்:
தூணோரம் டீசல் கேன்,
கொசுவத்தி, சார்ஜர்,
நந்தியின் கொம்பில் காயும் துண்டு.

அதிட்டானத்தில்
உள்ளங்கை அளவுச் சிற்பங்கள்.
யானையைக் கிழிக்கும் ஒருவன்,
குடை பிடிக்கும் குள்ளன்,
கூரையை வயிற்றால் தாங்கிச் சிரிக்கும் பூதங்கள்.
"இந்த வரிசைல நாலாவது ஆளு
எங்க ஓனரு," என்றார் பொன்னுரங்கம்.
மாடத்தில் ஒருத்தி.
மூக்கு போயிருந்தது.
இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து
கடைசி பஸ்ஸை விட்டவள்போல
கோபமில்லாமல் நின்றாள்.

சுவரெல்லாம் எழுத்து.
விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன்:
நந்தா விளக்கு ஒன்று எரிய வைத்த
சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
"சாவாத ஆடா?"
செத்த ஆட்டுக்குப் பிறந்த ஆடு ஈடு,
கணக்கில் என்றும் தொண்ணூற்றாறு,
நெய் மட்டும் நாள்தோறும் அளக்க வேண்டும் என்றேன்.
அவர் யோசிக்கவே இல்லை.
"அட, லோனு!
அசலு அப்படியே நிக்கும்,
வட்டி மட்டும் கட்டிக்கிட்டே இருக்கணும்.
நம்ம மிசினும் சாவா மூவாதாங்க."

பிறகு இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்து
சுவரை மெல்லத் தட்டினார்.
நான் பதறினேன்.
அவர் காதைச் சாய்த்திருந்தார்.
"எட்டு வருசம் குவாரி.
இது இந்த ஊரு சத்தம் இல்லைங்க.
எங்க பக்கத்துக் கல்லுன்னு சொல்லமாட்டேன்.
ஆனா மேலேர்ந்து எறங்குனது."
எப்படி வந்திருக்கும் என்றேன்.
தன் இயந்திரத்தைப் பார்த்தார்.
"லாரில ஏத்தித்தான் நாங்க வர்றோம்.
இது எப்படி வந்துச்சோ.
திரும்பிப் போகலை, அவ்வளவுதான்."

அடுத்த வயலிலிருந்து கூப்பிட்டார்கள்.
பூட்டச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்து போனார்.
பூட்டினேன்.
இழுத்துப் பார்த்தேன், திறந்துகொண்டது.
சும்மா மாட்டிவிட்டுச்
சாவியை டீக்கடையில் கொடுத்தேன்.
"அது அப்படித்தான்," என்றாள் அவள்,
பால் பாத்திரத்திலிருந்து கண் எடுக்காமல்.

திரும்புகிற பஸ்ஸில் வேறு கண்டக்டர்.
சட்டைப் பையில் பதர்,
பதருக்குள் சுருண்டு
அந்த டிக்கெட்.
நீலமையில் மூன்று ரூபாய்,
சாவாமல், மூவாமல்.