மூன்று கோடுகள்

பெனடிக்டா கணக்குத் தணிக்கைக்காரி.
அவளிடம் அட்டவணை இருந்தது.
திரையின் அகலம், மின்சாரப் பசி,
உச்சிவெயிலில் எழுத்து தெரியுமா,
கடல் வரைபடத்துக்குத் தனி விலையா,
கெட்டுப்போனால் அனுப்புவது மும்பைக்கா கொச்சிக்கா.
பதினேழு நிரல், மூன்று கம்பெனி.
பெயர்களை நாங்கள் சொல்வதில்லை.
நீலப்பெட்டி, சாம்பல்பெட்டி,
கறுப்புப்பெட்டி என்றால் விமானம் விழுந்த மாதிரி இருக்கிறதென்று
அதை மட்டும் மூன்றாவது என்போம்.

எங்கள் பாய்ப்படகு ஆலாவுக்கு இருபத்தெட்டு அடி.
பாதிப் பாதி.
எனக்குப் பதினான்கு அடி,
எந்தப் பதினான்கு என்று இன்னும் பிரிக்கவில்லை.
அதன் பழைய ஆழமானி
துறைமுகத்துக்குள் எங்கே போனாலும்
மூன்றே கால் மீட்டர் என்கிறது.
போன மாசியில் எண்ணூருக்கு அப்பால்
விளக்கில்லாத வலையொன்று
சுக்கானைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை விடவில்லை.
வலைக்காரர்கள் வந்து, திட்டி, அறுத்து,
திரும்பவும் திட்டி,
ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள்.
அதன் பிறகுதான் புதுசு வாங்கும் பேச்சு.
எந்தப் பெட்டியும் வலையைக் காட்டாது என்பது
இருவருக்கும் தெரிந்தே.

நான் மயக்கமருந்து கொடுப்பவள்.
பெரியாஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம்
திரையைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறேன்.
பச்சைக் கோடு அழகாக ஏறும், இறங்கும்.
விரலில் மாட்டிய கிளிப் நழுவி
மெத்தையைக் கவ்விக்கொண்டிருக்கும்.
தொண்ணூற்றெட்டு என்று அது சொன்ன ஒரு நாளில்
உதட்டைப் பார்த்தேன்.
நீலம்.
ஆள் பிழைத்து, மூன்றாம் நாள் இட்லி சரியில்லை என்று சண்டை போட்டார்.
எனக்குத்தான் எண்களோடு அன்றிலிருந்து
பேச்சுவார்த்தை குறைவு.

செகண்ட் லைன் பீச்சில் மாடிக்கடை.
குத்புதீன் மூன்றையும் போட்டுக் காட்டினார்.
நீலத்தில் ஒரு படகு மிதந்தது
ஏதோ குளிர்தேசத்துத் துறைமுகத்தில்.
“டெமோ மேடம். நம்ம மெட்ராஸும் உள்ளதான் இருக்கு,
காசு கட்டினா வெளிய வரும்.”
சாம்பலில் காற்று பன்னிரண்டு நாட்.
கடையில் மின்விசிறிகூட ஓடவில்லை.

பக்கெட் இருக்கா என்றேன்.

சிவப்பு பிளாஸ்டிக், அடியில் சோப்பு வழுவழுப்பு.
பையன் படியெல்லாம் சிந்திக்கொண்டு பிடித்துவந்தான்.
உணரிகளை ஒவ்வொன்றாக முக்கினோம்.
புள்ளி நான்கு. புள்ளி நான்கு. புள்ளி நான்கு.
“வங்காள விரிகுடா அவ்வளவுதானா” என்றாள் பெனடிக்டா.
இப்போ வெளியே எடுங்க.

நீலம், சொட்டச் சொட்டக் காற்றில் தொங்கியபடி,
புள்ளி நான்கு என்றது.
சாம்பல் கண்ணைச் சிமிட்டியது, எண்ணை விடவில்லை,
அடகுக்கடைக்காரர் வளையலை விடாத மாதிரி.
மூன்றாவது
இருந்ததை அழித்துவிட்டு
மூன்று கோடு போட்டது.

“ரிப்பேர் இல்ல மேடம்” என்று பதறினார் குத்புதீன்,
“தண்ணில வெச்சா காட்டும்.”

திரை ஓரங்குலம் சின்னது.
முப்பத்தோராயிரம் கூடுதல்.
ராஜாஜி சாலை சிக்னலில் பெனடிக்டா கேட்டாள்,
“தெரியலன்னு சொல்றதுக்கா இவ்வளவு விலை?”
கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின.
பதில் சொல்ல இடம் இல்லாத சத்தம்.
அது எனக்கு வசதியாக இருந்தது.

பங்குனியில் பொருத்தினோம்.
கரையிலிருந்து முப்பது மைலுக்கு மேல், முதல் இரவு,
அவளுடைய காவல் முறை.
தோளைப் பிடித்து உலுக்கினாள்.
“போயிடுச்சு.”
தரை அடியில் விலகி, எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.
பெட்டியில் மூன்று கோடுகள்.
பழைய ரேடியோவைத் தட்டுவதுபோல்
இரண்டுமுறை தட்டிப் பார்த்திருக்கிறாள்.

உதட்டைப் பார்க்கிற பழக்கத்தில்
குனிந்து தண்ணீரைப் பார்த்தேன்.
இருட்டு.
நிறம் என்று ஒன்றும் இல்லை.
வன்னியா தெண்டியா, நீரோட்டம் எந்தப் பக்கம்,
கையை விட்டும் பார்த்தேன்.
கை ஈரமானது.

“சரியாத்தான் சொல்லுது” என்றேன்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு
டீ மிச்சம் இருக்கா என்றாள்.