லாங் கேஸ்

வருசத்துக்கு ஒரு வாட்டி
செக்கானூரணிக்குப் போன் வரும்.
"மிதுனிகாவக் கூட்டிட்டு வந்துரும்மா,
எட்டு மணிக்குள்ள. பரீட்சை."

பரீட்சை அவளுக்கில்ல.
அவள வச்சு டாக்டருக்குப் படிக்கிறவுகளுக்கு.

அரப்பாளையத்துல எறங்கி
நூறு கேட்ட ஆட்டோவ எம்பதுக்குப் பேசி
ஆறாம் நம்பர் கட்டில்ல ஏத்தி உக்கார வச்சா,
சாயங்காலம் வரைக்கும்
எம்புள்ள பேரு லாங் கேஸு.

"என்ன சீக்குன்னு வாயத் தொறக்கக் கூடாது"
சிஸ்டர் ஞானசுந்தரி வெரல ஒதட்டுல வச்சுட்டுப் போகும்.
தொறக்காமலா?
போன வருசம் ஒரு பையன்.
கை நடுங்கி, குழாய் ரெண்டு தரம் கீழ விழுந்துச்சு.
"அக்கா... என்ன சொல்லிருக்காங்க?"
எந்தம்பி வயசு.
ஓட்டைன்னுட்டேன்.

இந்தத் தடவ வந்தது சாம்பியா டாக்டரம்மா.
நெடுநெடுன்னு ஒசரம்.
மூணு வருசமா இங்கதான் படிக்கிறாகளாம்.
தமிழு வார்டுலயே கத்துக்கிட்டது.
கத்திரிக்கா என்ன வெலைன்னு கேக்கத் தெரியாது;
"ராத்திரி எத்தன தடவ ஒண்ணுக்குப் போச்சு?"
சுத்தமாக் கேப்பாக.

குழாயக் கண்டதும் மிதுனிகா
தானாக் கவுனத் தூக்கிக்கிட்டா.
பழக்கம்.
அந்தம்மா கவுன எறக்கிவிட்டுட்டு
என் பக்கத்துல உக்காந்தாக.

பெருவெரலயும் ஆள்காட்டி வெரலயும் சேத்து
வட்டம் போட்டுக் காட்டுனேன்.
சிரிச்சாக.
காட்டுன கையப் புடிச்சு என் மடியிலயே வச்சுட்டு
ஒவ்வொரு வார்த்தையாக் கேட்டாக:
"கைப்புள்ளையா இருக்கப்ப,
பால் குடிக்கும்போது,
நெத்தி வேர்க்குமா?"

வேர்த்துச்சு.
மார்கழிப் பனியில வேர்த்துச்சு.
என் மாரு நனையும்.
ரெண்டு இழுப்பு இழுப்பா, விட்டுட்டு மூச்சு வாங்குவா,
மறுபடி இழுப்பா.
எனக்குத்தான் ஒடம்புச் சூடுன்னாக.
பாலு சரியில்லன்னாக.
எளநி குடிச்சேன், வெந்தயம் முழுங்குனேன்,
அவ சீக்குக்கு
எனக்கு மருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்
அஞ்சு மாசம்.

ஸ்கேன் எடுத்தவுக இருக்காக,
வரஞ்சு காட்டுனவுக இருக்காக.
நாலு வருசத்துல இத
யாரும் கேக்கல.

சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாக.
தாய் பேருன்னு ஒரு கோடு இருந்துச்சு பேப்பர்ல.
போதும்பொண்ணு.
பேனா நின்னுருச்சு. "போதும்?"
ஆமா, அஞ்சாவது பொண்ணு நான்.
கொஞ்ச நேரம் பேசல.
பெறகு கோட்டுல குத்தியிருந்த பேரத் தொட்டாக:
முட்டிண்டா.
நாலு பயலுகளுக்குப் பெறகு பொண்ணு பொறந்தா
அவுக பாசையில வைக்கிற பேராம்.
மாறி வந்தவ.
அங்கிட்டும் எண்ணித்தான் வச்சிருக்காக.

அதுக்கப்புறந்தான் குழாய எடுத்தாக.
கண்ண மூடிக் கேட்டாக.
ஓட்டை சுருங்கச் சுருங்கச் சத்தம் பெருசாகுமாம்,
அது நல்லதுக்குத்தானாம்.
எனக்கு இன்னைக்கும் அது பிடிபடல.

மணி அடிச்சுச்சு. பெரிய டாக்டருக மூணு பேரு.
எல்லாம் இங்கிலீசு.
திடீர்னு நரச்ச மீசைக்காரரு என்னப் பாத்துத் திரும்பி
"அப்டியாம்மா? வேர்த்துச்சா?"
"ஆமா சார்."
அந்தக் கட்டில்ல உக்காந்து
நானா வாயத் தொறந்து
ஒளிக்காமச் சொன்ன மொதப் பதிலு.

பாஸா பெயிலா, தெரியாது.
ஐநூறு ரூவாயும் தயிர்சாதப் பொட்டலமும் குடுத்து
கையெழுத்து வாங்குனாக.

"அந்த டாக்டர் ஊருக்கு எந்த பஸ்ஸும்மா?"
அரப்பாளையம் போர்டுல எதுலயும் எழுதல.
நாகமலை தாண்டுறதுக்குள்ள மடியில தூங்கிட்டா.
நெத்தியில கை வச்சுப் பாத்தேன்.
ஈரம்.
திக்குன்னு இருந்துச்சு.
நிமிந்து பாத்தேன்:
கண்டக்டருக்கு வேர்க்குது,
கம்பியப் புடிச்சு நிக்கிற அத்தன பேருக்கும் வேர்க்குது.
சித்திர வெயிலு.
முந்தானையால தொடச்சு விட்டேன்.