பிசிறு

சனிக்கிழமை சாயங்காலம்
சம்பளச் சீட்டை என் மேசைமேல் வைத்தார் மயிலாத்தாள்.
"ஏனுங் கண்ணு, என்ற பேருக்குப் புள்ளி எங்க?"

பார்த்தேன்.
மயிலாத்தாள.
கடைசி ள தலையில் ஒன்றுமில்லாமல்
வாயைத் திறந்தபடி நின்றது.
அடுத்த சீட்டில் நாச்சிமுத்.
அவருக்குப் பாதி மூச்சோடு சரி.
கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்:
"பேருலயும் பிடித்தம் போட்டுட்டாங்களாட்ட இருக்குது."

வேலம்பாளையத்தில் இந்தக் கம்பெனிக்கு
நான் சிஸ்டம் பொண்ணு.
அயர்ன் மேசை ஆவியும் பஞ்சுத் தூசும்
ஒட்டுக்காப் படியும் கீபோர்டு.
சீட்டு அடிக்கிற மென்பொருள் காசில்லாமல் வந்தது.
முதலாளிக்கு அதில் அது ஒன்றுதான் பிடிக்கும்.
அதன் உள்கட்டு வரைக்கும் யாரும் போகலாம்,
கதவு சாத்துவதே இல்லை என்று
படித்திருக்கிறேன். போனதில்லை.

மயிலாத்தாள் ஆறெழுத்து.
விரல்விட்டு எண்ணுங்கள்: ம, யி, லா, த், தா, ள்.
மெஷின் பதினொன்று என்கிறது.
அதற்குக் கொக்கி தனி, கால் தனி, புள்ளி தனி.
பத்து ஆனதும் கத்தரி.

இதைக் கண்டுபிடிக்க நாலு ஞாயிறு.
அரிசிம்பருப்பு சோறு டப்பாவிலேயே விறைத்தது.
மாற்றவேண்டியது ஒரே வரி:
எண்ணுவதை எழுத்தெழுத்தாக எண்ணு.

அனுப்பப் போனால்
முதலில் நீ யார், சொல் என்றது கறுப்புத் திரை.
இரண்டரை வருஷத்தில் இந்தக் கட்டடத்தில்
அதை யாரும் கேட்டதில்லை.
கி. சௌடேஸ்வரி என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.

பன்னிரண்டு நாள் பதிலில்லை.
சாயத்துக்குப் போன துணி
என்ன நிறத்தில் திரும்புமோ என்றிருந்தது.
பதின்மூன்றாம் நாள் ரைமோ என்று ஒருவர்.
எந்த ஊரோ.
நன்றி சொல்லிவிட்டுக் கேட்டிருந்தார்:
புள்ளி என்றால் என்ன? போனால் பேர் மாறுமா?
சோதிக்க ஓர் உதாரணம் தர முடியுமா?
அப்புறம், பதினேழாம் வரி முடிவில்
ஓர் இடைவெளி தொங்குகிறது, எடுத்துவிடுங்கள்.

முகம் சுட்டது.
கண்ணுக்கே தெரியாத இடைவெளி,
அதற்கா இத்தனை?
எழுந்து வெளியே வந்தேன்.
செக்கிங் மேசையில் மயிலாத்தாள்
பனியனைப் புரட்டி, தோள் தையலில்
அரை விரல்கூட வராத நூலைத் தடவிப் பிடித்து
நறுக்கென்று வெட்டினார்.
நான் நிற்பதைப் பார்த்துச் சொன்னார்:
"இத்துனூண்டு பிசிறுதான். இதுக்கோசரம்
ஒரு லோடே திரும்பி வந்துருக்குது."

திரும்பிப் போய்
என் பிசிறை வெட்டினேன்.
புள்ளி என்றால், என்று தொடங்கி
எழுதி எழுதி அழித்தேன். கடைசியில்,
வைத்தால் அந்த எழுத்து வாயை மூடிக்கொள்ளும்,
வைக்காவிட்டால் பேர் முடியாது,
கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று அனுப்பினேன்.
உதாரணத்துக்கு அவர் பேரையே கொடுத்தேன்.

செவ்வாய் இரவு பத்தேகாலுக்குச்
சேர்த்தாயிற்று என்று செல்லில் வந்தது.
கரண்டு இல்லை. செகண்டு ஷிப்டு போயிருந்தது.
வாட்ச்மேனிடம்தான் சொல்ல முடிந்தது.
"சேந்துருச்சுங்களா! எவ்வளவு வருமுங்க?"
"ஒண்ணும் வராதுங்க."
"அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை.
இனி எந்த ஊரில் எவர் அதில் கை வைத்தாலும்
மெஷின் முதலில் ஒருதரம்
மயிலாத்தாள் என்று எழுதிப் பார்க்கும்,
புள்ளி இருந்தால்தான் மேலே விடும்.

அடுத்த சனிக்கிழமை
நாச்சிமுத்துவுக்குத் து வந்துவிட்டது.
அவர் கவனிக்கவில்லை.
மயிலாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
சீட்டை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
ள் மேல் விரலை வைத்து எடுத்தார்.

"அதெல்லாஞ் சரி கண்ணு.
ஓ.டி.ல நாப்பது ரூவா கொறையுது பாரு.
அது எந்த வரி?"